பெங்களூரிலிருந்து வெளிமான் பார்க்கப் போகிறவர்களுக்கு

பெங்களூரில் குடியேறிய நம்மவர்கள் காடு பார்க்கக் கிளம்பினால் பந்திப்பூர், நாகரஹொளே, கபினி என்றுதான் வண்டியைத் திருப்புகிறார்கள். நகரத்துக்கு வடக்கே மூன்று மணி நேரத் தொலைவில் இன்னொரு வகைக் காடு இருப்பது பலருக்குத் தெரியாது. துமகூரு மாவட்டம் மதுகிரி தாலுக்காவில், ஆந்திர எல்லையை ஒட்டி, மைதனஹள்ளி என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் 798 ஏக்கர் வறண்ட நிலம் அது. 2007-ல் அதை ஜெயமங்கலி வெளிமான் பாதுகாப்பகம் என்று அறிவித்தார்கள். கர்நாடகத்தில் ராணிபென்னூர் சரணாலயத்துக்கு அடுத்தபடியாக வெளிமான்கள் (ஆங்கிலத்தில் பிளாக்பக்) ஒரே இடத்தில் திரளாக வாழ்வது இங்கேதான்.

முதல் தடவை போகிறவர்களில் பாதிப் பேர் "ஒண்ணுமே இல்லை, வெறும் பொட்டல்" என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறார்கள். அவர்கள் போன நேரமும் பார்த்த விதமும்தான் அதற்குக் காரணம். காட்டில் மரம் மறைக்கும், விலங்கு திடீரென்று முன்னால் வந்து நிற்கும். புல்வெளியில் எல்லாமே திறந்து கிடக்கிறது. நாம் அதைப் பார்ப்பதற்குள் அது நம்மைப் பார்த்துவிடுகிறது. அதனால் இங்கே செய்யவேண்டியது தேடி அலைவதல்ல, ஓரிடத்தில் அடங்கி உட்காருவது. கீழே சொல்லியிருப்பது எல்லாம் அதற்கான ஏற்பாடுதான்.

முதலில் ஹெசரகட்டாவில் கண்ணைப் பழக்குங்கள்

நேரே மைதனஹள்ளிக்குப் போகாதீர்கள். அதற்கு முன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலையை ஹெசரகட்டாவுக்குக் கொடுங்கள். எலஹங்கா, ஜாலஹள்ளிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அர்க்காவதி ஆற்றின் குறுக்கே பெங்களூரின் குடிநீருக்காக 1894-ல் கட்டிய ஏரி அங்கே இருக்கிறது. ஏரியைச் சுற்றியுள்ள மேய்ச்சல் நிலம்தான் நகரத்துக்குப் பக்கத்தில் மிஞ்சியிருக்கும் கடைசிப் பெரிய புல்வெளி. பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு 2024-ல் அங்கே 5,678 ஏக்கரைப் பாதுகாப்பகமாக்க மாநில அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

அங்கே வெளிமான் இல்லை. ஆனால் வானம்பாடி, நெட்டைக்காலி, ஆள்காட்டி, கவுதாரி, கருந்தோள் பருந்து, குளிர்காலத்தில் பூனைப்பருந்து எல்லாம் உண்டு. மண் நிறத்தில் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் சிறு பறவையைக் கண்டுபிடிக்கத் தெரிந்துவிட்டால், அரைக் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் மான் தானாகத் தெரியும்.

அங்கே செய்ய வேண்டிய முதல் வேலை பைனாகுலரைச் சரிசெய்வது. 8×42 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம். பத்து மடங்கு இன்னும் நல்லதல்லவா என்று கேட்பார்கள். கை நடுக்கமும் அதே அளவு பெரிதாகும், பார்வை வட்டமும் சுருங்கும். பறந்துகொண்டிருக்கும் பருந்தை அந்தச் சின்ன வட்டத்துக்குள் பிடிப்பது புதியவர்களுக்குச் சிரமம். வாங்கியவுடன், தூரத்தில் ஒரு கம்பத்தையோ பெயர்ப்பலகையையோ குறிவைத்து வலக்கண்ணை மூடிக்கொண்டு, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் குழலில் இருக்கும் வளையத்தை மட்டும் திருப்பித் தெளிவாக்குங்கள். அந்த வளையம் நிற்கும் இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நடுச்சக்கரம் மட்டும் போதும். இதைச் செய்யாதவர்களுக்குத்தான் பத்து நிமிடத்தில் தலைவலி வருகிறது. மூக்குக்கண்ணாடி போட்டிருப்பவர்கள் கண் வைக்கும் ரப்பரை முழுக்க உள்ளே அழுத்திவிட வேண்டும், இல்லையென்றால் பார்வை வட்டத்தின் ஓரம் கறுப்பாக வெட்டும்.

அடுத்தது, வெறுங்கண்ணால் முதலில் அசைவைப் பிடித்து, கண்ணை அதிலிருந்து எடுக்காமலே பைனாகுலரைக் கண்ணுக்கு உயர்த்தும் பழக்கம். குனிந்து கருவியைப் பார்த்தீர்கள் என்றால் பறவையைத் தொலைத்துவிடுவீர்கள். பத்துப் பதினைந்து தடவை செய்தால் வந்துவிடும்.

எப்போது போவது

அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை நல்லது. மழை முடிந்து புல் முழங்காலுக்கு நிற்கும், வடக்கேயிருந்து பூனைப்பருந்துகள் வந்திருக்கும், பத்து மணி வரை வெயில் தாங்கும். மார்ச்சிலிருந்து மே வரை புல் காய்ந்து தாழ்ந்திருப்பதால் மான் நன்றாகத் தெரியும். ஆண்கள் எல்லை பிடித்து நிற்கும் காலங்களில் அதுவும் ஒன்று. ஆனால் காலை எட்டரைக்கே தரையிலிருந்து அனல் எழும்பும். ஜூன், ஜூலையில் வண்டிப்பாதை சேறாகிவிடும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி இல்லாதவர்கள் பெருமழைக்கு மறுநாள் போகவே வேண்டாம்.

மாதத்தைவிட மணி முக்கியம். பெங்களூர்ப் பக்கம் டிசம்பர், ஜனவரியில் சூரியன் ஆறே முக்காலை ஒட்டி எழும். அதற்குக் கால் மணி முன்னாலேயே அங்கே இருக்க வேண்டும். ஒன்பதுக்குப் பிறகு கானல் தொடங்கும். கானல் ஓடும்போது எவ்வளவு விலையுள்ள லென்ஸ் போட்டாலும் படம் தண்ணீருக்குள் எடுத்ததுபோலக் குழையும். கோளாறு கேமராவில் இல்லை. சூடான தரையிலிருந்து எழும் காற்றும் மேலே இருக்கும் குளிர்ந்த காற்றும் கலக்கும்போது ஒளி வளைகிறது. அதற்குப் பரிகாரம் எதுவும் கிடையாது, பக்கத்தில் இருப்பதை மட்டும் எடுக்கலாம்.

வழியும் அனுமதியும்

இரண்டு வழி உண்டு. கிழக்கு, வடக்குப் பெங்களூரில் இருப்பவர்கள், அல்சூர், ராமமூர்த்தி நகர், கே.ஆர்.புரம் பக்கமென்றால், ஹெப்பால், எலஹங்கா, தொட்டபள்ளாபுரம், கௌரிபிதனூர் வழியாகப் போய் அங்கிருந்து மேற்கே திரும்பலாம். மேற்கில் இருப்பவர்களுக்கு, ஸ்ரீராமபுரம், ராஜாஜிநகர் போன்ற இடங்களென்றால், துமகூரு சாலையில் டாபஸ்பேட்டை வரை போய் கொரட்டகெரெ, மதுகிரி, புரவரா வழி எளிது. இரண்டுமே ஏறக்குறைய 130 கிலோமீட்டர் வரும். அதிகாலை மூன்றே முக்காலுக்கு நகர எல்லையைத் தாண்டிவிட்டால் சரியாக இருக்கும். ரயிலில் வருகிறவர்கள் இந்துப்பூரில் இறங்கி வண்டி பேசலாம், ஆனால் விடியலுக்குப் போய்ச் சேர முந்தின இரவே இந்துப்பூரில் தங்க வேண்டியிருக்கும்.

இது தேசியப் பூங்கா அல்ல. 2002-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியபோது 'பாதுகாப்பகம்' என்றொரு புது வகையைச் சேர்த்தார்கள், அந்த வகை. நுழைவாயிலில் சீட்டுக் கொடுக்கும் கூடமோ ஜீப்போ வழிகாட்டியோ சாப்பாட்டுக் கடையோ எதிர்பார்க்காதீர்கள். ஒரு கண்காணிப்புக் கோபுரம் உண்டு. மதுகிரி வனச்சரக அலுவலகத்திலோ துமகூரு வனக்கோட்ட அலுவலகத்திலோ முன்கூட்டியே பேசி, வரும் நாள், ஆட்களின் பெயர், வண்டி எண் மூன்றையும் எழுதிக் கொடுத்து அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். இரவு தங்குவதென்றால் எழுத்தில் அனுமதி கட்டாயம் வேண்டும். கழிப்பறை வேலையை மதுகிரியிலோ கௌரிபிதனூரிலோ முடித்துக்கொண்டு கிளம்புவது நல்லது.

காவலர்களிடமும் ஊர்க்காரர்களிடமும் பேச நாலு கன்னட வார்த்தை போதும். வெளிமானுக்கு 'கிருஷ்ணம்ருக', புல்வெளிக்கு 'ஹுல்லுகாவலு', ஓநாய்க்கு 'தோளா'. "அண்ணா, கிருஷ்ணம்ருக எல்லிதே?" என்று கேட்டால் கை நீட்டிக் காட்டுவார்கள். எல்லைப் பகுதி என்பதால் தெலுங்கும் நன்றாக ஓடும். காவலர் ஒரு பக்கம் போக வேண்டாம் என்றால் காரணம் கேட்டுக்கொண்டு நிற்காமல் விட்டுவிடுங்கள். அங்கே குட்டியோ வளையோ இருக்கலாம், அதை அவர் உங்களிடம் சொல்ல மாட்டார், சொல்லாததுதான் சரி.

கையில் என்ன எடுத்துப் போவது

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர், அதில் ஒரு லிட்டர் வண்டியிலேயே இருக்கட்டும். அகல விளிம்புத் தொப்பி. உடை காக்கி, மங்கிய பச்சை, மண் நிறம். வெள்ளைச் சட்டையும் பளிச்சென்ற மழைக்கோட்டும் திறந்த வெளியில் ஒரு கிலோமீட்டருக்குத் தெரியும். முழுநீளக் கால்சட்டை, கணுக்கால் மூடும் காலணி, தடித்த காலுறை. செருப்பு வேண்டவே வேண்டாம். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் வாழும் நிலம் இது, இரண்டும் மண்ணோடு ஒட்டிக் கிடக்கும்.

கால்நடை மேயும் இடமாதலால் உண்ணி ஏறும். காலுறையைக் கால்சட்டைக்கு மேலே இழுத்துவிடுங்கள், பார்க்க எப்படி இருந்தாலும் பரவாயில்லை.

படம் எடுப்பவர்கள் முக்காலியைவிட மணல்பையை நம்புங்கள். கடையில் வாங்க வேண்டாம். கெட்டித் துணியில் ஒரு முழ நீளப் பை தைத்து, இரண்டு கிலோ அரிசியை முக்கால் பங்குக்கு நிரப்பிக் கட்டினால் போதும். முழுக்க நிரப்பினால் உருண்டு ஓடும், லென்ஸ் பதியாது. வண்டி ஜன்னலிலும் தரையிலும் ஒரே பை உதவும். இன்ஜினை அணைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அதிர்வு படத்தில் வந்துவிடும்.

சாப்பாட்டுக்குப் புளியோதரையோ பொடி தடவிய இட்லியோ கட்டிக்கொள்ளுங்கள். மிச்சத்தை அங்கே வரும் நாய்களுக்குப் போடாதீர்கள். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம், ஆனால் வெளிமான் குட்டிகளுக்கு நாய் பெரிய எமன். சோறு கிடைக்கும் இடத்தில் நாய் தங்கும், தங்கிய நாய் கூட்டம் சேர்க்கும். பிரியாணிப் பொட்டலத்தை வீசிவிட்டு வருகிறவர் தெரியாமலே ஒரு குட்டியைக் கொல்கிறார்.

மானைப் படிப்பது

தமிழில் இதற்குப் பெயர் நிறைய: வெளிமான், புல்வாய், இரலை, திருகுமான். 'வெளி'மான் என்ற பேரே அது வாழும் இடத்தைச் சொல்லிவிடுகிறது. புள்ளிமான் போலக் கிளைவிட்டு விழுந்து முளைக்கும் கொம்பு இல்லை இதற்கு. எலும்பின் மேல் உறைபோட்ட, திருகிய, ஆயுள் முழுக்க நிற்கும் கொம்பு. வளர்ந்த ஆணுக்கு மூன்றிலிருந்து ஐந்து திருகு வரை இருக்கும். பெண்ணுக்குக் கொம்பு கிடையாது, உடல் மஞ்சள் கலந்த பழுப்பு. ஆண் குட்டியும் முதலில் அதே நிறம்தான், மூன்று வயதை ஒட்டித்தான் முதுகு கறுக்கத் தொடங்கும். அதனால் கூட்டத்தில் அரைப் பழுப்பும் அரைக் கறுப்புமாக நிற்பவை இளவட்டங்கள்.

வண்டியை நிறுத்தியதும் கதவைப் படாரென்று சாத்தாதீர்கள். இறங்கியதும் நடக்கத் தொடங்காமல் ஐந்து நிமிடம் அங்கேயே நின்று, இடமிருந்து வலமாக அடிவானத்தை மெதுவாக ஒரு முறை துழாவுங்கள். மான் கூட்டம் முதலில் புல்லுக்கு மேலே வெளுத்த புள்ளிகளாகத்தான் தெரியும். அதில் ஒரு புள்ளி கறுப்பாக இருந்தால் அதுதான் ஆண்.

இனி கூட்டத்தின் தலைகளை எண்ணிக்கொண்டே இருங்கள். எல்லாத் தலையும் குனிந்திருந்தால் நீங்கள் அவற்றுக்குப் பொருட்டே இல்லை. ஒன்றிரண்டு நிமிர்ந்தால் உங்களைக் கவனிக்கின்றன, அங்கேயே நில்லுங்கள். பாதிக்கு மேல் நிமிர்ந்து காது உங்கள் பக்கம் திரும்பினால், நீங்கள் எல்லை மீறிவிட்டீர்கள். அப்போது ஓரடி முன்னால் வைத்தாலும் ஒரு பெண்மான் துள்ளும். நான்கு காலும் ஒரே நேரத்தில் தரையைவிட்டு எழும்பும் அந்தத் துள்ளல்தான் மற்றவைக்கு எச்சரிக்கை. அதன்பின் முழுக் கூட்டமும் ஓடும். மணிக்கு 80 கிலோமீட்டர் வரை எட்டும் ஓட்டம் அது. சிவிங்கிப்புலியிடமிருந்து (சீட்டா) தப்ப வளர்ந்த வேகம் என்பார்கள். இந்தியாவில் சிவிங்கிப்புலி அற்றுப்போனதாக 1952-ல் அறிவித்துவிட்டார்கள், வேகம் மட்டும் மானிடம் தங்கிவிட்டது. அந்த ஓட்டத்தைப் படம் எடுக்க வேண்டுமென்றே விரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சினைமான் ஓடினால் என்னாகும், குட்டியை விட்டு ஓடிய தாய் எவ்வளவு நேரம் கழித்துத் திரும்பும் என்று அவர்கள் யோசிப்பதில்லை. வெளிமான் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு. விரட்டுவதும் குற்றம்தான்.

நெருங்க வேண்டுமானால் நேராக நடக்காதீர்கள். மானைப் பார்க்காமல், அதற்குப் பக்கவாட்டில், வேறெங்கோ போகிறவர்போலச் சாய்வாகப் பாதையிலேயே நடந்து, இருநூறு மீட்டர் தூரத்தில் ஒரு புதரின் முன்னால் உட்காருங்கள். பின்னாலிருந்து எட்டிப் பார்த்தால் தலை மட்டும் முளைத்து முளைத்து மறையும், மானுக்கு அதுதான் பதுங்கும் விலங்கின் அடையாளம். புதர் உங்களுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் உருவம் அதில் கரைந்துவிடும். இருபது நிமிடம் அசையாமல் இருந்தால் கூட்டம் மேய்ந்துகொண்டே தானாக உங்கள் பக்கம் வருவதுண்டு. வராமலும் போகும். அப்போது எழுந்து துரத்தாமல் அடுத்த காலையை எதிர்பாருங்கள்.

தனியாக நிற்கும் கறுப்பு ஆண் கிடைத்தால் அதைவிட்டு நகர வேண்டாம், காலை முழுக்க அங்கேயே கழிக்கலாம். அது நிற்பது அதன் சொந்த எல்லை. எல்லைக்குள் ஓரிடத்தில் திரும்பத் திரும்ப வந்து புழுக்கை போடும், நாளடைவில் அது பாய் விரித்தாற்போலப் பரவும். கண்ணுக்குக் கீழே உள்ள சுரப்பியைப் புல் நுனியிலும் குச்சியிலும் தேய்த்துவிட்டுப் போகும். பைனாகுலரில் பார்த்தால் அந்தச் சுரப்பி கறுத்த பிளவாகத் திறப்பது தெரியும். பெண்மான் பக்கத்தில் வந்தால் மூக்கை வானத்தைப் பார்க்கத் தூக்கி, கொம்பை முதுகோடு படியவிட்டு, வாலைச் சுருட்டி மேலே வைத்துக்கொண்டு, கால்களை அளந்து அளந்து வைக்கும். உறுமல்கூடக் கேட்கும். இன்னொரு ஆண் எல்லைக்கோட்டுக்கு வந்தால் இரண்டும் பக்கம் பக்கமாக நடந்து ஒன்றையொன்று அளக்கும். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். கொம்பு பூட்டுவது அரிதாகத்தான் நடக்கும்.

புல்லுக்குள் ஒரு குட்டி தனியாகச் சுருண்டு படுத்திருக்கக் கண்டால் தாய் விட்டுவிட்டுப் போய்விட்டது என்று தூக்காதீர்கள். பிறந்த முதல் நாட்களில் தாயே அப்படிப் படுக்க வைத்துவிட்டுத்தான் மேயப் போகும், பாலூட்ட மட்டும் வரும். வந்த வழியே திரும்பி, இடத்தைக் காவலரிடம் மட்டும் சொல்லுங்கள்.

தரையில் இருப்பவை

புல்வெளியில் பாதி உயிர் கணுக்காலுக்குக் கீழே இருக்கிறது. மார்ச்சிலிருந்து மழைக்காலம் வரை வானம்பாடி, ஆள்காட்டி, காடை எல்லாம் தரையிலேயே முட்டையிடும். பாதையைவிட்டு வண்டியை இறக்கக் கூடாது என்பதற்கு முதல் காரணம் இதுதான். ஒரு சக்கரம் ஏறினால் போதும்.

மஞ்சள்மூக்கு ஆள்காட்டியின் கூடு என்று சொல்வது சரளைக்கல்லுக்கு நடுவே ஒரு உள்ளங்கை அகலக் குழி, அவ்வளவே. அதில் நான்கு முட்டை, கூர்முனைகள் எல்லாம் உள்ளே பார்த்தபடி, சுற்றியிருக்கும் கல்லின் நிறத்திலேயே, அதே கறுத்த புள்ளிகளோடு. ஒரு அடி தள்ளி நின்று பார்த்தாலும் கல் எது முட்டை எது என்று தெரியாது. வெயில் ஏறினால் தாய் வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டையின் மேல் உட்காரும். எனவே ஆள்காட்டி கத்திக்கொண்டு உங்கள் தலைக்கு மேலே வட்டமிட்டால், அல்லது தரையில் நொண்டியடித்துக்கொண்டு முன்னால் ஓடினால், நீங்கள் கூட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். உடனே நின்று, காலடிக்குக் கீழே பார்த்து, வந்த தடத்திலேயே திரும்புங்கள். வெயிலில் அது விலகி நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டை சூடேறும்.

வானம்பாடிகளைப் பறப்பதை வைத்துப் பிரிக்கலாம். சாம்பல்தலை வானம்பாடியின் ஆண் சிறகடித்து மேலே ஏறி, சிறகை மடக்கி நீண்ட சீட்டியோடு கீழே பாய்ந்து, தரைக்கு முன்னால் மறுபடி எழும்பும், படிப்படியாக இறங்கும். ஜெர்டான் புதர் வானம்பாடி ஒரு செடி நுனியிலிருந்து எழுந்து, சிறகை விரித்து, காலைத் தொங்கவிட்டு, குடை இறங்குவதுபோல மிதந்து வரும். செவ்வால் வானம்பாடிக்குப் பேரிலேயே அடையாளம் இருக்கிறது, பறக்கும்போது வால் துரு நிறம்.

தண்ணீர்க் குட்டை இருந்தால் சூரியன் எழுந்து இரண்டு மணி நேரம் கழித்து அங்கே போய் உட்காருங்கள். கல்கௌதாரிகள் கூட்டமாகப் பறந்து வந்து இறங்கும் நேரம் அது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பறவை வயிற்று இறகில் தண்ணீரை ஊறவைத்துக்கொண்டு குஞ்சுகளுக்குக் கொண்டுபோகும்.

மாலையில் அனுமதி இருந்தால் பூனைப்பருந்துக்காகக் காத்திருக்கலாம். செப்டம்பர் கடைசியில் வந்து மார்ச், ஏப்ரலில் திரும்பும் விருந்தாளி அது. சிறகை 'வி' போல உயர்த்திப் புல்லுக்கு மேலே ஆளுயரத்தில் மிதந்து போவதைக் கண்டால் வேறெதுவும் அல்ல. இரவில் மரத்தில் அடையாமல் புல்லுக்குள் தரையிலேயே படுக்கும். அது இறங்கும் இடத்துக்கு நடந்து போய்விட்டால் இருட்டில் மறுபடி எழும்பி அலையும். தூரத்திலிருந்தே பாருங்கள்.

குள்ளநரி பகலில் வளை வாயில் தலை நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். வால் நுனி கறுப்பு. ஒரு வளைக்குப் பல வாய் இருக்கும். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை குட்டி இருக்கும், வளைப் பக்கம் போகாதீர்கள், இடத்தை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். ஓநாய் எப்போதாவது தென்பட்டால் அதற்கும் அதே விதிதான். ஈபேர்டு, ஐநேச்சுரலிஸ்ட் போன்ற உயிரினப் பதிவுத் தளங்களில் பதியும்போது கூடு, வளை, குட்டி மூன்றின் இடத்தையும் மறைத்துவிடுங்கள்.

மரம் நட வேண்டாம்

பெங்களூரில் அலுவலகக் குழுக்களாக வருகிறவர்கள் நல்ல மனதோடு கன்றுகளை எடுத்துவந்து நடுவதுண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். அரசுக் கணக்கில் புல்வெளியைத் தரிசு என்று எழுதிவைத்த வழக்கத்தால் வந்த நினைப்பு அது. ராணிபென்னூர் சரணாலயத்தைப் பாருங்கள். வெளிமானுக்கும் கானமயில் என்ற பெரிய தரைப்பறவைக்கும் என்று 1974-ல் அறிவித்த 119 சதுர கிலோமீட்டர். புல்வெளியில் பெரும்பகுதியைத் தைலமரத் தோப்பு பிடித்துக்கொண்டது. கானமயிலுக்கு நாலாபுறமும் திறந்த வெளி வேண்டும், தோப்புக்குள் அது வாழாது. வெளிமான் எப்படியோ சமாளித்தது, கானமயில் அங்கே இல்லாமல் போய்விட்டது. மைதனஹள்ளியிலும் ஒரு பகுதியில் தைலமரம் நிற்கிறது. புல் நிற்கும் பகுதியையும் தோப்பையும் ஒரே காலையில் நடந்து பாருங்கள், எதில் எத்தனை பறவை என்று எண்ணி எழுதுங்கள். அந்தத் தாள் எந்த வாதத்தையும்விட நன்றாகப் பேசும்.

சீமைக்கருவேலத்தின் காயை மான் தின்னும், விதை புழுக்கையில் வெளியே வந்து முளைக்கும். அதனால் அது தானாகவே பரவுகிறது. வெட்டுவது வனத்துறையின் வேலை, நாம் கை வைக்கக் கூடாது.

எதுவும் தவறாகப் போனால்

பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், கைக்கடிகாரம் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, நடக்கவிடாமல் தூக்கி வண்டியில் ஏற்றி, மதுகிரி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். 108-க்குப் பேசிக்கொண்டே ஓட்டலாம். பாம்பைத் தேடிப் பிடிப்பதில் நேரம் போக்க வேண்டாம்.

தலை சுற்றி, வேர்வை நின்று, தோல் சூடாக இருந்தால் வெயில் தாக்கிவிட்டது. நிழல் என்று மரத்தை எதிர்பார்க்க முடியாது, வண்டிக்கு ஏசி போட்டு உட்காரவைத்து, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வையுங்கள், மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வண்டி மணலில் புதைந்தால் ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த இன்னும் இறங்கும். டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்து, சக்கரத்துக்கு முன்னால் தரைவிரிப்பைப் போட்டு, இரண்டாம் கியரில் மெதுவாக எடுங்கள். காற்று நிரப்பும் சிறு பம்ப் வண்டியில் இருந்தால்தான் இந்த வேலை.

வண்டியில் ஏறுமுன்

காலுறையைப் பாருங்கள். ஊசிப்புல்லின் விதைகள் வரிசையாகக் குத்தி நிற்கும். ஒன்றைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கறுத்த வால் முறுக்கு அவிழ்ந்து, விதை தானாகச் சுழலும். ஈரம் பட்டால் சுழல்வது, காய்ந்தால் மறுபடி முறுக்கிக்கொள்வது, அப்படி மாறி மாறித் திருகித்தான் அது மண்ணுக்குள் இறங்கி முளைக்கிறது. நுனியில் பின்னோக்கிய மயிர் இருப்பதால் பின்னால் வராது, அதனால்தான் காலுறையிலும் ஆட்டின் தோலிலும் ஏறிக்கொண்டே போகிறது. ஒவ்வொன்றையும் நுனிப்பக்கமாக முன்னால் தள்ளி எடுங்கள், பின்னால் இழுத்தால் ஒடிந்து துணிக்குள் நிற்கும். எடுத்ததை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவராமல் அந்தப் பாதையோரத்திலேயே போட்டுவிடுங்கள். வரும்போதும் காலணியை உதறிவிட்டுக் கிளம்பினால், வேறிடத்துக் களைவிதையும் இங்கே வராது.